தண்ணீர், கல், பொறுமை... சவரக் கத்தியைத் தீட்டத் தெரியுமா?

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு சத்தம் கேட்குமே, கவனித்திருக்கிறீர்களா? காகித உறையோடு சேர்த்து பிளேடை இரண்டாக ஒடிக்கிற 'டிக்' சத்தம். ஒரு பாதியைப் பிடிக்குள் சொருகி உங்கள் கன்னத்தில் வைப்பார்கள். வேலை முடிந்ததும் அது குப்பைக்குப் போய்விடும். சுத்தம், சுகாதாரம் என்று பார்த்தால் அதுதான் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால், அந்தப் பாதி பிளேடுக்கு முன்னால் அங்கே இருந்தது முழுக் கத்தி. மடக்கி விரிக்கிற ஒரே துண்டு எஃகு. மழுங்கினால் தூக்கிப் போட முடியாது, தீட்டத்தான் வேண்டும். போன வருடம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து அப்படி ஒன்று கிடைத்தது. கறுப்புக் கைப்பிடி, கழுத்துப் பகுதியில் ஸோலிங்கன் என்று ஜெர்மானிய ஊரின் முத்திரை, வாயில் லேசாகத் துரு. "அதை வெச்சு என்னடா பண்ணப் போற... மூஞ்சிய கிழிச்சிக்கவா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

இந்தக் கட்டுரை, அந்தக் கத்தியை மறுபடியும் முகத்தில் வைக்கும் நிலைக்குக் கொண்டுவர நான் கற்றுக்கொண்டது பற்றியது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம். அதைத் தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் நீட்டும் முன்பு இதைப் படித்துவிடுங்கள். அரிவாள்மனைக்கும் காய்கறிக் கத்திக்கும் அவர் சக்கரம் அருமை. ஆனால் சவரக் கத்தியின் வாய்ப்பகுதி காகிதம்போல மெல்லியது. சுழலும் சக்கரத்தில் வைத்தால் சில நொடிகளில் சூடேறி, எஃகு தன் கடினத்தன்மையை இழந்துவிடும். விளிம்பில் நீல நிறம் ஏறியதென்றால் அந்தக் கத்தி கதை முடிந்தது. பிறகு எந்தக் கல்லாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

மெல்லிய முடி... மழுங்கும் இரும்பு!

முதலில் ஒரு சந்தேகம் வரும். முடி எவ்வளவு மென்மையானது, இரும்பு எவ்வளவு கடினமானது? பிறகு ஏன் கத்தி மழுங்குகிறது?

இதே கேள்வியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் கேட்டார்கள். 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது அவர்களின் பதில். பிளேடின் எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு தோற்கிறது. ஆய்வாளர்களில் ஒருவர் தன் தாடியை மழித்த பிளேடுகளையே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு சீராகத் தேய்ந்து உருண்டிருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், சின்னச் சின்னச் சில்லுகளாகப் பெயர்ந்திருந்தது. எஃகு நமக்குத்தான் ஒரே சீராகத் தெரிகிறது. உள்ளே அதன் நுண் அமைப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. வளைந்து சாய்ந்த முடி, அந்த மாற்றம் நடக்கிற பலவீனமான இடத்தில் போய் மோதினால், அங்கே அழுத்தம் குவிந்து ஒரு சில்லு தெறிக்கிறது.

அவர்கள் சோதித்தது பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளேடுகளை. ஆனாலும் நம் கதைக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. தீட்டுவது என்பது பளபளப்பாக்குவது அல்ல. சில்லு பெயர்ந்த விளிம்பை, அந்தப் பள்ளங்களின் அடிமட்டம் வரை தேய்த்து எடுத்துவிட்டு, புதிதாக ஒரு விளிம்பை உருவாக்குவது.

கோணம் கத்தியிலேயே இருக்கிறது

சமையல் கத்தியைத் தீட்டும்போது எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதுதான் பெரிய தலைவலி. சவரக் கத்தியில் அந்தத் தலைவலி கிடையாது. அதைச் செய்தவர்களே கோணத்தை உள்ளே வைத்துவிட்டார்கள். கத்தியின் தடித்த முதுகும், மெல்லிய வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படி படுக்கப் போட்டால் போதும். முதுகுதான் அளவுகோல்.

சின்னக் கணக்கு ஒன்று. முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய் வரை அகலம் 18 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கச் சரிவுகளும் சேருகிற கோணம் ஏறக்குறைய 16 டிகிரி வரும். தீட்டத் தீட்ட வாய் மட்டும் தேய்வதில்லை, முதுகும் கூடவே கொஞ்சம் தேயும். அதனால்தான் பல பத்தாண்டுகள் உழைத்த கத்தியிலும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. இதைக் கண்டுபிடித்த அந்தக் காலத்துக் கொல்லர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

முதுகு தேயக் கூடாது என்று சிலர் அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டு தீட்டுவார்கள். தப்பில்லை. ஆனால், ஒட்டினால் கடைசிவரை ஒட்டியே தீட்ட வேண்டும். பாதியில் உரித்தால் கோணம் மாறிவிடும். அதன் பிறகு செய்யும் வேலை, விளிம்பைத் தொடாமல் பின்னால் எங்கோ தேய்ப்பதாக ஆகிவிடும்.

கத்தி தயார். கல்?

மஞ்சள் கல்லின் ஊர்

சாணைக்கற்களில் இப்போது பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்தவைதான். 1,000 கிரிட், 8,000 கிரிட், 12,000 கிரிட் என்று எண் போட்டே வரும். எண் ஏற ஏற துகள் நுண்மையாகும். ஆனால், சவரக் கத்தி வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் பேச்சு எப்படியும் இயற்கைக் கற்களிடம் போய் நிற்கும். ஜப்பானில் கியோட்டோ நகரைச் சுற்றியுள்ள மலைகளில் வெட்டியெடுத்த கற்கள், ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் கிடைத்த நுண்ணிய பலகைக் கற்கள், அமெரிக்காவின் ஆர்கன்சா கல்... ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் மன்றம் உண்டு. ஆர்கன்சா கல்லின் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே நோவாகுலைட். சவரக் கத்தியைக் குறிக்கும் 'நோவாகுலா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது.

இவற்றில் நான் பழகியது ஒன்றே ஒன்றுதான். பெல்ஜியத்தின் மஞ்சள் கல். பெயர், கோட்டிகுல்.

பெல்ஜியத்தின் தென்கிழக்கில் ஆர்டென் மலைப்பகுதி. அங்கே வியல்சாம், லியர்னு என்ற சிற்றூர்களைச் சுற்றி, நீலமும் ஊதாவும் கலந்த பலகைப் பாறைகளுக்கு நடுவே, வெளிர் மஞ்சள் நிறத்தில் மெல்லிய அடுக்குகளாக இந்தக் கல் ஓடுகிறது. அடுக்கின் தடிமன் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். பிரியாணிக்கு நடுவில் நெய்ச் சோறு ஒரு வரிசை வைத்தது மாதிரி. கடலடியில் படிந்த மாங்கனீசு நிறைந்த வண்டல், புவியின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி இப்படி ஆனது. வயது ஏறக்குறைய 48 கோடி ஆண்டுகள்.

கல்லுக்குள் வேலை செய்வது யார் தெரியுமா? கார்னெட் மணிகள். நவரத்தினத்தில் கோமேதகம் என்கிறோமே, அதுவும் கார்னெட் குடும்பம்தான். கோட்டிகுலில் இருப்பது ஸ்பெசர்டைன் என்கிற இன்னொரு உறவு. மோதிரத்தில் வைக்கும் அளவெல்லாம் இல்லை. ஒரு மணியின் விட்டம் பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் 5 முதல் 20 பங்கு. நம் தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல். மெல்லிய மைக்கா படலத்துக்குள் இந்த மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன.

இங்கேதான் ஒரு கேள்வி எழும். 12,000 கிரிட் செயற்கைக் கல்லின் துகளெல்லாம் இதைவிட எவ்வளவோ சிறியது. 10 மைக்ரான் மணியை வைத்துக்கொண்டு சவரக் கூர்மை எப்படி வரும்?

பதில், மணியின் வடிவத்தில் இருக்கிறது. உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி கூரான மூலைகள் இதற்கு இல்லை. 12 பக்கங்கள் கொண்ட, ஏறக்குறைய பந்து போன்ற வடிவம். பக்கங்கள் சந்திக்கும் இடம் எல்லாம் மொக்கையான விரிகோணம். அதனால் எஃகில் ஆழமாக உழாமல் மேலோட்டமாகச் சுரண்டுகிறது. மணி பெரிசு, கீறல் சிறிசு. இந்தக் கல்லில் தீட்டிய கத்தி தோலுக்கு இதமாக இருக்கிறது என்று இதன் ரசிகர்கள் அடித்துச் சொல்வதற்கு இதையே காரணமாகவும் சொல்கிறார்கள்.

சாணைக்கல்லும் சவரமும் புதிதாகச் சேர்ந்த ஜோடி அல்ல. கி.பி. முதலாம் நூற்றாண்டு ரோமானியர் மூத்த பிளினி, தன் 'இயற்கை வரலாறு' நூலில் சாணைக்கற்களை வகை பிரிக்கிறார். எண்ணெய் விட்டுத் தீட்டுவது ஒன்று, தண்ணீர் விட்டுத் தீட்டுவது ஒன்று. முடிதிருத்தும் கடைகளில் எச்சில் தொட்டுத் தீட்டுவதும் ஒன்று! இன்றைக்கு நினைத்தால் கன்னம் கூசுகிறது.

சவரக் கத்தி உலகை ஆண்ட காலத்தில் ஆர்டென் சுரங்கங்களுக்கும் நல்ல வேலை இருந்தது. 1904-ல் கிங் கேம்ப் ஜில்லெட் தன் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் பையில் அது ஏறியது. வீடு திரும்பியவர்கள் கல்லை மறந்தார்கள். செயற்கைக் கற்களும் போட்டிக்கு வர, 20-ம் நூற்றாண்டில் மஞ்சள் கல் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிற்பாடு சிறிய அளவில் வெட்டும் வேலை மறுபடி தொடங்கியது. சாம்ஷாட்டோ என்ற ஊரில் இந்தக் கல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

இப்போது கிடைக்கும் கற்களில் சில, மஞ்சளும் நீலமும் இயற்கையாகவே ஒட்டியபடி வரும். மற்றவற்றில் மஞ்சள் பலகையின் கீழே வேறு கல்லை ஒட்டியிருப்பார்கள். லா வெய்னெட், லா திரஸாந்த் என்று அடுக்குகளுக்குத் தனித்தனிப் பெயரும் உண்டு. எந்த அடுக்கு உசத்தி என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பாலில் தொடங்கி, தண்ணீரில் முடிப்பது

செயற்கைக் கல்லில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு கல் வேண்டும். மஞ்சள் கல்லின் விசேஷம், ஒரே கல்லை வேகமானதாகவும் மென்மையானதாகவும் மாற்ற முடியும் என்பது. மாற்றுகிற சாவி, தண்ணீர்.

கல்லில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு, அதே வகைச் சின்னக் கல் ஒன்றால் தேய்த்தால் வெள்ளையாகப் பால் போலக் கிளம்பும். அந்தப் பாலில் மிதப்பவை, கல்லிலிருந்து விடுபட்ட கார்னெட் மணிகள். அதன்மேல் கத்தியை ஓட்டினால் எஃகு வேகமாகத் தேயும். கொஞ்ச நேரத்தில் பால் சாம்பல் நிறமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தச் சாம்பல்தான் உங்கள் கத்தியிலிருந்து வந்த இரும்பு.

ஆனால், பாலுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. மிதக்கும் மணிகள் சரிவைத் தேய்ப்பதோடு நிற்காது. எதிரே வருகிற கத்தியின் மெல்லிய நுனி விளிம்பிலும் மோதி, அதைக் கொஞ்சம் மழுக்கும். அதாவது கெட்டியான பாலில் எத்தனை நூறு முறை தேய்த்தாலும், சரிவு தேயும், விளிம்பு ஓர் அளவுக்கு மேல் கூராகாது. அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். தண்ணீர் மட்டும் விட்டால் நிலைமை தலைகீழ். விளிம்பு மழுங்காது, ஆனால் கல்லும் மிக மிக மெதுவாகத்தான் வெட்டும்.

அதனால் இரண்டுக்கும் நடுவே படிப்படியாக இறங்கி வர வேண்டும். முதலில் பால் பதத்தில் தொடங்கி, முன்னும் பின்னுமாகச் சின்னச் சின்னத் தேய்ப்புகள், ஒரு பக்கம் 20 முதல் 30, பிறகு மறுபக்கம். விரலால் லேசான அழுத்தம் கொடுக்கலாம். முன்கை முடியை, தோலை ஒட்டி, கத்தியின் முழு நீளமும் மழிக்கிறதா என்று பாருங்கள். நுனியில் மழித்து அடியில் மழிக்கவில்லை என்றால் மேலே போகக் கூடாது.

மழித்தால், விரல் நுனியால் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர். 15, 20 முறை கத்தியை ஓட்டுங்கள். மறுபடி ஒன்றிரண்டு சொட்டு. மறுபடி ஓட்டுங்கள். பால் மோராகி, மோர் நீர்மோராகி, கடைசியில் கல்லின் மஞ்சள் தெளிவாகத் தெரியும்வரை. ஒவ்வொரு படியிலும் கை அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பிறகு கல்லைக் கழுவிவிட்டு, சுத்தமான தண்ணீரில் கத்தியின் சொந்த எடையை மட்டும் கொடுத்து ஒரு 40, 50 முறை.

கத்தியை ஓட்டும் விதம் பற்றி ஒரு வார்த்தை. கல்லில் போகும்போது வாய் முன்னால், முதுகு பின்னால். கல்லின் மேற்பரப்பிலிருந்து ஒரு மெல்லிய சீவல் எடுக்கப் போவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் நீளம் ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர், என் கல்லின் அகலமோ 4 சென்டிமீட்டர். அதனால் நேராக ஓட்டினால் கத்தியில் பாதிக்குக் கல்லே படாது. அடிப்பகுதியில் தொடங்கி, முன்னே தள்ளியபடியே பக்கவாட்டிலும் இழுத்து, நுனியில் முடிக்க வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்புங்கள். வாயின்மேல் உருட்டினால், அதுவரை செய்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் போச்சு.

ஒரு நல்ல அறிகுறி சொல்கிறேன். தண்ணீர்க் கட்டத்தில் கத்தியின் வாய்க்கு முன்னால் ஒரு சின்ன அலை உருண்டுகொண்டே போகும். அது முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருந்தால், வாய் முழுக்கக் கல்லைத் தொடுகிறது என்று அர்த்தம். ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் கத்திக்கு அடியில் நழுவிப் போனால், அந்த இடம் இன்னும் தொடவில்லை.

மின்னுகிற இடம்தான் மொக்கை

இவ்வளவு வக்கணையாகச் சொல்கிறேனே, நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? நேராகக் கடைசிப் படிக்குப் போனேன். சுத்தமான தண்ணீர், பஞ்சு மாதிரி கை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம். இரண்டு வாரம் நடந்தது. கத்தி கண்ணாடியாக மின்னியது. முகத்தில் வைத்தேன். முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாடையோரம் ஒரு கீறல், அதற்குப் படிகாரக் கல், அந்த எரிச்சல் தனி. கல் போலி, வாங்கிய காசு தண்டம் என்று முடிவுக்கே வந்துவிட்டேன்.

நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் ஒரு பெரியவர் உண்டு. கடை இப்போது அவர் மகன் கையில். அவர் பழைய நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வாலிப வயதில் முழுக் கத்தியில் தொழில் செய்தவர். அவரிடம் கத்தியைக் கொண்டுபோய் நீட்டினேன்.

விரலால் தொடவே இல்லை. ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, வாய் மேலே இருக்கும்படி மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, இங்க வந்து பாருங்க" என்றார். வாயின் நடுவே இரண்டு இடத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு மினுக்கியது.

"நல்லா மின்னுதே ஐயா..."

"அதான் தம்பி பிரச்னை. கூரா இருக்கிற இடம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மின்னுற இடம்தான் மொக்கை. அங்க ரெண்டு பக்கமும் இன்னும் சேரவே இல்ல. சேராததைப் போய் மெருகேத்தினா எப்படி வெட்டும்?"

இதுதான் சங்கதி. கூரான விளிம்பு என்பது, இரண்டு சரிவுகள் சந்திக்கிற கோடு. அந்தக் கோட்டுக்கு அகலமே இல்லாத மாதிரி இருக்க வேண்டும். அகலம் இல்லாத இடத்தில் பட்டுத் திரும்ப, வெளிச்சத்துக்கு இடம் ஏது? என் கத்தியில் தாத்தா காலத்துச் சில்லும் துருப் பள்ளமும் அப்படியே இருந்தன. சரிவுகள் அந்த இடங்களில் சந்திக்கவே இல்லை. நான் இரண்டு வாரம் மெருகேற்றியது, சந்திப்புக்குப் பின்னால் இருந்த சரிவை. குறை கல்லில் இல்லை, என் அவசரத்தில்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே சுலபமான வழி உண்டு. கறுப்பு மார்க்கர் பேனாவால் கத்தியின் விளிம்போரம் முழுக்கக் கோடு போடுங்கள். கல்லில் இரண்டே இரண்டு முறை ஓட்டுங்கள். விளிம்பு வரைக்கும் மை அழிந்தால் கல் அங்கே தொடுகிறது. விளிம்பை ஒட்டி மை மிச்சம் இருந்தால், கல் அங்கே தொடவில்லை.

பிறகு 1,000 கிரிட் செயற்கைக் கல் ஒன்று வாங்கி, வெள்ளிக் கோடு மறையும்வரை பொறுமையாகத் தேய்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. அதன் பிறகு மஞ்சள் கல்லுக்கு வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை.

தோல் பட்டையும் முதல் சவரமும்

கல்லிலிருந்து நேராகக் கன்னத்துக்குப் போக முடியாது. நடுவில் தோல் பட்டை இருக்கிறது. பழைய சலூன் நாற்காலிகளின் கைப்பிடியில் தொங்குமே, அது. முதலில் பட்டையின் துணிப் பக்கத்தில், பிறகு தோல் பக்கத்தில் 50 முறை. இங்கே திசை மாறும். முதுகு முன்னால், வாய் பின்னால். கல்லில் செய்த பழக்கத்தில் வாயை முன்னால் விட்டால் பட்டை அறுந்துவிடும். பட்டையை இறுக்கமாகப் பிடியுங்கள். தொய்வாக விட்டால் தோல் வளைந்து விளிம்பை உருட்டிவிடும்.

தலைமுடி ஒன்றைத் தொங்கவிட்டு, கத்தியின் வாயில் மெல்ல இறக்கினால் அறுபடுகிறதா என்று பார்ப்பது உண்டு. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஒருவர் முடி தடிமன், இன்னொருவர் முடி மெல்லிசு. அதை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். கடைசிப் பரீட்சை கன்னம்தான்.

முதல் சவரத்தில் இரண்டு கன்னங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெந்நீர், நன்றாக நுரைத்த சோப்பு, மறுகையால் தோலை இழுத்துப் பிடிப்பது, கத்தியைத் தோலுக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் வைப்பது. கழுத்தும் மோவாயும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கத்தியை இன்னொருவருக்குக் கடன் கொடுக்கவே கூடாது. ரத்தத்தின் வழியே பரவும் நோய்கள் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

சென்னை மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. இந்தப் பழைய கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாளே துருப்புள்ளி தெரியும். துடைத்து, சற்றுக் காய விட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். குளியலறை அலமாரியில் வைக்கவே வேண்டாம்.

கல் வாங்கப் போகிறீர்களா?

ஆர்வக்கோளாறில் உடனே இயற்கைக் கல் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். மஞ்சள் கல் இறக்குமதி, விலை ஆயிரக்கணக்கில். பூமியிலிருந்து வருவதால் ஒரு துண்டு போல இன்னொன்று இருக்காது. ஒன்று சீக்கிரம் வெட்டும், இன்னொன்று சோம்பேறி. செயற்கைக் கல்லில் எண்ணைப் பார்த்து வாங்கினால் என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். முதல் கத்திக்கு ஒரு 1,000 கிரிட் கல் கட்டாயம். கடைசிப் படிக்கு எது என்பது உங்கள் பாக்கெட்டையும் ஆசையையும் பொறுத்தது. எனக்கு மஞ்சள் கல் பிடித்துப்போனதற்குக் காரணம் கூர்மைகூட இல்லை. கல்லின் மேல் கத்தி போகும்போது கைக்கு வருகிற அந்த வழுவழுப்பு, பால் சாம்பலாவதைப் பார்க்கிற சுகம்.

செவ்வகமாக வெட்டாத, கோணல்மாணலான சின்னத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். வேலை ஒன்றுதான். கத்தியின் முழு நீளத்துக்கும் இழுத்துக்கொடுக்கிற கைப்பழக்கம் மட்டும் கூடுதலாக வேண்டும். எந்தக் கல்லாக இருந்தாலும் அதன் முகம் தட்டையாக இருக்க வேண்டும். குழி விழுந்த கல்லில் முதுகும் வாயும் ஒன்றாகப் படியாது. வைரத்தூள் பதித்த தகட்டால் தேய்த்துச் சமப்படுத்தலாம். அதை எப்போதும் தண்ணீர் விட்டே செய்யுங்கள். காய்ந்த கல்தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு.

போன வாரம் முடி வெட்டப் போனபோது கத்தியை மறுபடியும் கொண்டுபோனேன். பெரியவர் அதே ட்யூப்லைட், அதே சாய்ப்பு. நடுவில் வெள்ளிக் கோடு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மட்டும் கத்தியை இன்னும் கொஞ்சம் திருப்பி, நுனியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"நடு சரி. நுனியில ஒரு நெல்லளவு பாக்கி இருக்கு தம்பி."

ஞாயிற்றுக்கிழமைக்கு 1,000 கிரிட் கல்லை எடுத்து வைத்திருக்கிறேன்.